தையலா, பசையா? கண் அறுவை பற்றி வாசகர் கேள்விகள்

கண்ணின் மேற்பரப்பில் செய்யும் அறுவைகளில் தையல் போடுவது, ஒட்டுவது, பிரிப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். இதே அறுவைகளைச் செய்துவரும் கண் மருத்துவர்கள் சேர்ந்து எழுதியது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

அப்பாவுக்கு 58 வயது. உப்பளத்தில் வேலை. வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறிவிட்டது. ஒரு மருத்துவமனையில் தையல் போட்டுச் செய்வோம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பசை வைத்து ஒட்டுவோம், ஆனால் செலவு கூடும் என்கிறார்கள். எதை நம்புவது?
— வாசகி, வேதாரண்யம்

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நூலும் பசையும் அறுவையின் கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. அதற்கு முன் நடப்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

அப்பாவுக்கு இருப்பதை டெரிஜியம் என்போம். கண்புரை வேறு, இது வேறு. இதைக் கருவிழி மேலிருந்து உரித்து எடுத்த பிறகு, வெள்ளை விழியில் ஒரு காலியிடம் மிஞ்சும். அந்த இடத்தை மூட, அதே கண்ணில் மேல் இமைக்கு அடியில் வெயில் படாமல் இருக்கும் பகுதியிலிருந்து கன்ஜங்டைவா என்ற மெல்லிய சவ்வை ஒரு துண்டு எடுத்து வைக்கிறோம். அந்தத் துண்டுதான் ஒட்டு. அது இடம் மாறாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே நூலின் வேலை, அல்லது பசையின் வேலை. ஆகவே முதலில் "ஒட்டு வைத்துத்தானே செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஆமாம் என்றால் மற்றதைப் பேசலாம். ஒட்டு இல்லாமல் வெறுமனே எடுத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

பசை வைத்தால் அறுவை சீக்கிரம் முடியும். முதல் ஒரு வாரம் வலியும் உறுத்தலும் தெளிவாகவே குறைவாக இருக்கும், ஏனென்றால் இமைக்கு அடியில் உரசுவதற்கு முடிச்சு எதுவும் கிடையாது. தையல் போட்டவர் அதே வாரத்தில் கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் இருக்கிறது என்பார். பதிலுக்குத் தையலில் பிடிமானம் உறுதி. தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டாலும் ஒட்டு அநேகமாக நகராது. பசையில் முதல் இரண்டு மூன்று நாள் அந்த உத்தரவாதம் இல்லை.

எங்கள் கருத்து: கையில் காசு இருந்து, ஒரு வாரம் வீட்டில் கண்ணைப் பாதுகாத்து உட்கார முடிந்தால் பசை வசதியானது. செலவுதான் தடை என்றால், பசைக்காகக் காத்திருந்து சதையைக் கருவிழியின் நடுவுக்கு வளரவிட வேண்டாம். நன்றாகப் போட்ட தையலில் குறை ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று. சதை இருந்தாலே வெட்டிவிட வேண்டும் என்பதில்லை. மாதங்களில் கண்கூடாக வளர்கிறது, கருவிழியை இழுத்துப் பார்வையில் சிலிண்டர் பவர் (வளைவு எல்லாத் திசையிலும் சமமில்லாததால் வரும் பவர்) ஏற்றிவிட்டது, கண்பாப்பாவை நெருங்குகிறது, ஓயாமல் சிவந்து உறுத்துகிறது, கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தால் செய்யலாம். கண்புரையும் சேர்ந்து இருந்தால் பொதுவாகச் சதையை முதலில் எடுத்து, கருவிழியின் வளைவு நிலைப்பட ஒன்றிரண்டு மாதம் விட்டு, பிறகு லென்ஸின் பவரை அளப்பது நல்லது. முன்கூட்டி அளந்தால் கணக்கு தப்பும். அறுவை முடிந்து பாத்திக்குத் திரும்பும்போது பக்கவாட்டையும் மூடும் கறுப்புக் கண்ணாடியும் விளிம்பு அகன்ற தொப்பியும் அவசியம். உப்புப் படிவில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்து வருவதால் தலைத்துண்டு மட்டும் போதாது.

பல வருடம் முன்பு சதையை எடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் முன்னைவிடப் பெரிதாக, சிவப்பாகத் திரும்ப வந்தது. "பசை வைத்துச் செய்தால் மறுபடி வராது" என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், தூத்துக்குடி

"வராது" என்று யாரும் வாக்குத் தர முடியாது. குறையும் என்று சொல்லலாம்.

உங்களுக்கு அன்று செய்தது, சதையை எடுத்துவிட்டு வெள்ளை விழியை அப்படியே திறந்து விடும் பழைய முறையாக இருக்கக்கூடும். அந்த முறையில் நூற்றுக்கு 30 முதல் 80 பேர் வரை சதை திரும்புவதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. 1985-இல் கண் மருத்துவர் கென்யனின் குழுவினர் கன்ஜங்டைவா ஒட்டு வைத்துச் செய்த 57 கண்களின் முடிவுகளை வெளியிட்டார்கள்; திரும்ப வந்தது சுமார் 5 விழுக்காடு. பெரிய மாற்றம் நிகழ்ந்தது அங்கேதான். அப்போது ஃபைப்ரின் பசை (ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தால் ஆன பசை) இந்த அறுவைக்கு வரவில்லை, எல்லாம் தையல். பசை 2000-களில்தான் பரவியது.

தையலையும் பசையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பசையில் சதை திரும்புவது குறைவாக இருக்கலாம், அறுவை நேரமும் குறையும் என்றது. அதே ஆய்வு, ஒட்டு பிரிவது, சுருங்குவது, கட்டி போன்ற சதைத் துணுக்கு வளர்வது ஆகியவை பசையில் கூடுதலாக இருக்கலாம் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு விளம்பரம் செய்பவர்கள் உண்டு. பசையில் ஏன் குறைகிறது? நூல் உடலுக்கு அந்நியப் பொருள். அதைச் சுற்றி அழற்சி வரும், அந்த அழற்சி புதுச் சதைக்கு உரம்போல் வேலை செய்யும். இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதன்முறை வந்த சதையைப் பற்றியவை. உங்களுடையது திரும்ப வந்தது. பழைய தழும்பு அடியில் பிடித்திருக்கும், கண்ணை மூக்குப் பக்கம் திருப்பும் தசையோடும் ஒட்டியிருக்கலாம். தழும்பையும் அதனடியில் தடித்த டெனான் திசுவையும் (சவ்வுக்கும் வெள்ளை விழிக்கும் நடுவிலுள்ள படலம்) அகலமாக எடுத்து, தசையைக் கொக்கியில் பிடித்துக் காப்பாற்றி, பெரிய ஒட்டு வைக்க வேண்டும். இழுவிசை அதிகமுள்ள இடம் என்பதால் இங்கே நாங்கள் பசையை மட்டும் நம்புவதில்லை. மூலைகளில் தையல், நடுவில் பசை என்று கலந்து செய்வது பாதுகாப்பு. சிலருக்கு, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் 0.02 விழுக்காடு மைட்டோமைசின்-சி மருந்தைப் பஞ்சில் நனைத்து ஓரிரு நிமிடம் டெனான் திசுவில் வைத்துவிட்டு நன்றாகக் கழுவுவார்கள். அந்த மருந்தை வெறும் வெள்ளை விழியில் அதிக நேரம் வைத்தால் வருடங்கள் கழித்துக்கூட அந்த இடம் மெலிந்து உருகும். அதனால்தான் மருந்து வைத்த இடத்தை ஒட்டு இல்லாமல் விடக்கூடாது.

கண் மருத்துவ முதுநிலை மாணவன். சதை அறுவையில் ஒட்டைத் தைக்க 8-0 விக்ரிலா, 10-0 நைலானா? எத்தனை தையல், எந்த வரிசை? தொடர் தையல் போடலாமா?
— மதுரை

நூலுக்கு முன் ஒட்டைப் பார்ப்போம். அது தடித்திருந்தால் எந்த நூலும் காப்பாற்றாது.

காலியிடத்தைக் காலிப்பரால் இரு திசையிலும் அளந்து, அரை முதல் 1 மி.மீ. கூட்டி மேல் பகுதியில் குறியிடுங்கள். நான்கு மூலைக்கும் ஜென்ஷன் வயலட் மைப் புள்ளி; லிம்பஸ் (கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பு) பக்கத்து இரண்டு புள்ளியை இரட்டையாக வைத்துவிட்டால் எது மேல், எது கருவிழிப் பக்கம் என்ற சந்தேகமே வராது. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயினைச் சவ்வுக்கும் டெனானுக்கும் நடுவில் ஏற்றிக் கொப்புளமாக உப்ப வையுங்கள். ஊசி ஆழமாகப் போய்விட்டால் டெனானும் சேர்ந்து உப்பும், பிறகு பிரிப்பது பாடு. மழுங்கிய முனைக் கத்தரி சவ்வுக்கு அடியில் போகும்போது அதன் அலகு மேலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். வெள்ளையாக மங்கித் தெரிந்தால் டெனான் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். அது பின்னால் சுருங்கும், ஒட்டையும் கூட இழுக்கும். ஒட்டு எடுக்கும் பகுதியில் பட்டன்துளை போல் ஓட்டை விழுந்தால் பதறாதீர்கள். சிறியது தானாக மூடும். பெரியது என்றால் ஒட்டில் அந்த இடம் ஓரத்துக்கு வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டைத் தூக்காமல் கருவிழி மேலாகச் சறுக்கிக் கொண்டுவாருங்கள். தூக்கினால் சுருண்டு, மேல்பக்கம் கீழாகும் வாய்ப்பு அதிகம். தலைகீழாக வைத்த ஒட்டு ஒருபோதும் பிடிக்காது.

தையல் வரிசை: லிம்பஸ் பக்கத்து இரு மூலை முதலில். இவை எபிஸ்கிளீராவையும் (வெள்ளை விழியின் மேல் படலம்) சேர்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் ஒட்டு வழுக்கும். அடுத்துப் பின்பக்க இரு மூலை; அவையும் எபிஸ்கிளீராவோடு, அங்குள்ள கன்ஜங்டைவா விளிம்பையும் சேர்த்து. பிறகு மேல், கீழ், பின் விளிம்புகளில் இடைவெளிக்கேற்ப ஒன்றோ இரண்டோ. மொத்தம் 6 முதல் 10-க்குள் முடிந்துவிடும். ஓரம் உள்நோக்கி மடியாமல் ஒவ்வொன்றிலும் பாருங்கள். மடிந்த ஓரத்தின் அடியில் சிக்கிய எபிதீலியம் (மேல்தோல்) நீர்க்கட்டியாகும். எபிஸ்கிளீரல் பிடிப்பில் தட்டையான ஸ்பேட்டுலா ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே செலுத்துங்கள். ஊசி திசுவுக்குள் கடைசிவரை நிழலாகத் தெரிய வேண்டும். மறைந்துவிட்டால் ஆழம் அதிகம், நிறுத்தி வெளியே எடுங்கள்.

நூல்: 8-0 விக்ரில் சுமார் 40 மைக்ரான் தடிமன், பின்னல் நூல், கரையும். சில வாரத்தில் தளர்ந்து உதிரத் தொடங்கும். முழுதாக உறிஞ்சப்பட 56 முதல் 70 நாள். பிரிக்க வேண்டியதில்லை என்பதே அதன் பெரிய லாபம். அது திசுவிலுள்ள நீரால் சிதைந்து கரைகிறது; ஆனால் கரையும்வரை ஓரளவு அழற்சி இருக்கும், ஆகவே சிவப்பு கூடும். 10-0 நைலான் 20 முதல் 29 மைக்ரான், ஒற்றை இழை, திசு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் வெட்டிய முனை விறைத்து நிற்கும். முடிச்சை உள்ளே தள்ளாவிட்டால் நோயாளி இரவு முழுக்கத் தூங்கமாட்டார், 10 முதல் 14 நாளில் பிரிக்கவும் வேண்டும். திரும்ப வருவது உறுதியில்லாத, தொலைவிலிருந்து வரும் நோயாளிக்கு நைலான் போட்டு அனுப்பாதீர்கள். பிரிக்கப்படாத நைலானைச் சுற்றிச் சிவந்த கட்டி வைத்துக்கொண்டு மாதங்கள் கழித்து வந்து நிற்பார். மூலைகளுக்கு மட்டும் நைலான், மீதிக்கு விக்ரில் என்று கலப்பவர்களும் உண்டு; பிரிக்க வேண்டியது குறையும்.

தொடர் தையல் விரைவு, முடிச்சும் இரண்டே. ஆனால் ஓரிடத்தில் நூல் அறுந்தால் முழு விளிம்பும் தளரும், இழுத்துப் பிடித்தால் ஒட்டு சுருக்குப்பையின் வாய்போல் சுருங்கும். கை பழகும்வரை தனித்தனியாகவே போடுங்கள்.

தியேட்டர் செவிலியர். பசை வைத்த ஒட்டு மறுநாள் காலை கட்டைப் பிரித்தால் சில பேருக்கு ஒரு பக்கம் விலகியிருக்கிறது. பசை பழையதா, எங்கள் தயாரிப்பில் தவறா?
— திருநெல்வேலி

தயாரிப்பில் இரண்டு இடத்தில் தவறு நேரும். ஃபைப்ரின் பசை இரண்டு மருந்து: ஒன்றில் ஃபைப்ரினோஜென், மற்றதில் த்ராம்பின். தூளாக வரும் வகையில் ஃபைப்ரினோஜென் குப்பியைக் கரைப்பானோடு சேர்த்து 37 டிகிரிக்குச் சூடாக்கி முழுக்கத் தெளியும்வரை சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், நுரை ஒட்டாது. கட்டிகட்டியாக இருக்கும்போதே சிரிஞ்சில் ஏற்றினாலும் பிடிமானம் பாதிதான். இரண்டாவது, இரு மருந்துக்கும் ஒரே ஊசியோ ஒரே சிரிஞ்சோ தொட்டுவிட்டால் உள்ளேயே உறைந்துபோகும். வேறு வேறு நிற ஸ்டிக்கர் ஒட்டி, தட்டில் எதிரெதிர் ஓரத்தில் வையுங்கள். உறையும் வேகத்தைத் த்ராம்பினின் செறிவு முடிவு செய்கிறது. மி.லி.க்கு 500 யூனிட் என்றால் சில விநாடியில் இறுகும். 4 யூனிட் அளவுக்கு நீர்த்திருந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும். ஒட்டைச் சரிசெய்ய நேரம் வேண்டும் என்று மருத்துவர் கேட்டால் நீர்த்ததைத்தான் கேட்கிறார்.

மற்றபடி விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேசையில்தான் இருக்கும். அடித்தளம் ஈரமாகவோ ரத்தம் கசிந்தோ இருந்தால் பசை அந்த ரத்தத்தில்தான் ஒட்டும், விழியில் ஒட்டாது. ஸ்பாஞ்சால் ஒற்றி, கசியும் இடத்தை மட்டும் லேசாகச் சுட்டு, காய்ந்ததும் வைக்க வேண்டும். அதிகப் பசை இன்னொரு காரணம். ஒரு கண்ணுக்கு ஒவ்வொன்றிலும் ஓரிரு துளி தாராளம். தடித்துவிட்டால் ஒட்டு ரப்பர் மெத்தைமேல் மிதக்கும், கீழிருந்து ரத்த ஓட்டமும் கிடைக்காது. த்ராம்பினைத் தளத்திலும் ஃபைப்ரினோஜெனை ஒட்டின் அடிப்பக்கத்திலும் தனித்தனியே வைத்து, திருப்பிப் போட்டு, மழுங்கிய கருவியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி உபரியை வெளியேற்ற வேண்டும். பிறகு 3 நிமிடமாவது கைவைக்காமல் விட வேண்டும்.

நாங்கள் வலியுறுத்தும் ஒரு சோதனை உண்டு. இமை விரிப்பியை எடுக்கும்போதுதான் ஒட்டின் ஓரம் அதில் சிக்கி இழுபடும். மெதுவாக மூடி எடுத்த பிறகு நோயாளியைச் சில முறை கண் சிமிட்டச் சொல்லி, நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லி, ஒட்டு நின்றதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிட்டே கட்டுப் போட வேண்டும். ஓரம் எழும்பினால் அங்கேயே ஒரு தையல். மறுநாள் விலகியதைக் கண்டாலும் ஒட்டைத் தூக்கி எறிய வேண்டாம். சுருங்கிக் காய்வதற்கு முன் தியேட்டருக்குத் திரும்பிச் சென்று விரித்துத் தைத்தால் பிழைக்கும்.

நோயாளியின் சொந்த ரத்தத்தையே பசையாக வைப்பார்களாமே?
— வாசகர், சேலம்

வைப்பார்கள். சதை எடுத்த இடத்தில் இயல்பாகக் கசியும் ரத்தம் மெல்லிய படலமாக உறையும்போது ஒட்டை விரித்து, ஓரங்களை 10 நிமிடம் போல் பிடித்திருந்தால் நின்றுவிடும். செலவு இல்லை, வேறொருவரின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பொருள் என்ற கவலையும் இல்லை. ரத்தம் அதிகமாகக் கசிந்தால் ரத்தக்கட்டி ஒட்டைத் தூக்கிவிடும், குறைந்தால் பிடிக்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒத்துவராது. நழுவும் வாய்ப்பு மூன்று முறைகளில் இதில்தான் அதிகம். பொறுமையும் நேரமும் உள்ள கைகளுக்கு நல்ல முறை; நீண்ட பட்டியலோடு ஓடும் தியேட்டருக்கு அல்ல.

அம்மாவுக்குக் கண் நீர் அழுத்த நோயும் இருக்கிறது. சதை அறுவை செய்யலாமா?
— வாசகி, காரைக்கால்

செய்யலாம். ஆனால் ஒட்டை மேல் பகுதியிலிருந்து எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நாளை அழுத்தத்துக்கான அறுவை தேவைப்பட்டால் அந்த மேல் சவ்வு தழும்பில்லாமல் இருக்க வேண்டும். கீழிருந்து எடுக்கலாம், இடம் சற்றுக் குறுகல். இன்னொன்று, அறுவைக்குப் பின் போடும் ஸ்டீராய்டு சொட்டு அழுத்தத்தை ஏற்றும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சதை அறுவைக்குப் பின் எதெல்லாம் சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்?
— பலர்

ஒட்டு முதல் வாரத்தில் உப்பிச் சிவந்து, அடியில் ரத்தத் திட்டோடு பயமுறுத்தும். அது இரண்டு முதல் நான்கு வாரத்தில் வடியும். மேல் இமைக்கு அடியில், ஒட்டு எடுத்த இடம்தான் முதல் மூன்று நாள் அதிகம் வலிக்கும். பலர் அறுவை செய்த இடத்தைவிட அது ஏன் வலிக்கிறது என்று குழம்புகிறார்கள். தலைக்குக் குளியல் ஒரு வாரம் வேண்டாம், கண்ணில் ஆற்று நீரோ குளத்து நீரோ ஒரு மாதம் வேண்டாம். கண்ணைக் கசக்காமலிருக்க இரவில் பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டை ஆறேழு வாரத்தில் படிப்படியாகக் குறைப்போம். பத்து நாளில் சிவப்பு போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தினால் சதை திரும்ப வழி பிறக்கும். சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்கிப் போட்டாலோ கண் அழுத்தம் ஏறும். வலி நாளுக்கு நாள் கூடுவது, பார்வை மங்குவது, சீழ் வடிவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது, ஒட்டு வெள்ளையாக வெளுத்துப்போவது, சிவந்த உருண்டையாக ஒரு துணுக்கு வளர்வது: இவற்றில் எதுவானாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

தம்பிக்குக் கருவிழி மாற்று அறுவை நடந்து 5 மாதம். 16 தையல். சென்ற வாரம் இரண்டை மட்டும் பிரித்தார்கள். மீதியை ஏன் விட்டுவைக்கிறார்கள்? ஒரேயடியாகப் பிரித்தால் என்ன? தெரிந்தவர் ஒருவருக்கு ஒரே நூலில் சுற்றிச்சுற்றித் தைத்திருக்கிறார்களாம். அது நல்லதா?
— வாசகர், தஞ்சாவூர்

சதை அறுவையில் தையல் ஒட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். முழுத்தடிமக் கருவிழி மாற்றில் அதே தையல்தான் பார்வையின் வளைவையும் செதுக்குகிறது. அதனால் அவசரம் கூடாது.

கருவிழியில் ரத்த நாளம் கிடையாது. தோலில் பத்து நாளில் ஆறும் காயம் இங்கே ஆற ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். 5 மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் காயம் விரியலாம். ஆறியதாகத் தோன்றினாலும் அந்த வட்டம் ஒருபோதும் பழைய பலத்துக்கு வராது. வருடங்கள் கழித்து ஒரு பந்து, ஒரு முழங்கை பட்டு விண்டுபோன கண்கள் உண்டு. தம்பி வண்டி ஓட்டும்போதும் விளையாடும்போதும் பாலிகார்பனேட் கண்ணாடி போடட்டும்.

அறுவையில் நடந்தது இது. சேதமான கருவிழியை, உதாரணமாக 7.5 மி.மீ. வட்டமாக வெட்டி எடுத்து, தானமாக வந்ததில் கால் மி.மீ. பெரிதாக 7.75 வெட்டி வைத்திருப்பார்கள். 10-0 நைலானில் 12 மணி, 6 மணி, 3, 9 என்று முதல் நான்கு. இதில் இரண்டாவது போடும் 6 மணித் தையல்தான் முக்கியம்: சரிபாதியில் விழாவிட்டால் ஒரு பக்கம் திசு மிஞ்சும், மறுபக்கம் இழுபடும், பின்னால் போடும் எதுவும் அதைத் திருத்தாது. ஒவ்வொரு தையலும் கருவிழித் தடிமனில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஆழம் போக வேண்டும். மேலோட்டமாகப் போட்டால் பின்பக்கம் வாய் திறந்து நிற்கும். ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேலோட்டம் என்றால் படிக்கட்டு போல் விளிம்பு ஏறி இறங்கும்.

ஒரு தையல் கூடுதலாக இறுகியிருந்தால் அந்தத் திசையில் கருவிழி செங்குத்தாக வளைந்து சிலிண்டர் பவர் ஏறும். தனித்தனித் தையலின் அருமை இங்கேதான். மூன்றாம் மாதம் முதல், கருவிழியின் வளைவைக் காட்டும் டோபோகிராஃபி படத்தில் எந்தத் திசை செங்குத்து என்று பார்த்து, அங்குள்ள ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துவிட்டு, நாலைந்து வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். தம்பிக்கு நடப்பது அதுதான். மீதி பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் எடுக்கப்படும்.

தெரிந்தவருக்குப் போட்டது தொடர் தையல். ஒரே நூல், 16 முதல் 24 பிடிப்பு, இழுவிசை சுற்றிலும் சமமாகப் பரவும், ஆரம்ப மாதங்களில் பார்வை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முதல் சில வாரத்துக்குள் ஸ்லிட்லாம்ப் கருவியில் உட்கார வைத்தே நூலை இறுகிய பக்கத்திலிருந்து தளர்ந்த பக்கத்துக்கு நகர்த்திச் சரிசெய்யவும் முடியும். அறுந்தால் மொத்தமும் போச்சு. கருவிழியில் ரத்த நாளம் புகுந்திருந்தால், தொற்றுக்காகச் செய்த அவசர மாற்று என்றால், குழந்தை என்றால் தொடர் தையல் போடவே கூடாது. அந்தக் கண்களில் ஒரு பக்கம் சீக்கிரம் ஆறும், அங்கே மட்டும் தளரும். தளர்ந்ததை மட்டும் எடுக்க வழி வேண்டும். குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே தளரத் தொடங்கும் என்பதால் அடிக்கடி, தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்தாவது, பார்க்கிறோம். இரண்டையும் கலந்து, 12 தனித்தையல், மேலே மெல்லிய 11-0 நூலில் ஒரு சுற்று என்று செய்வதும் உண்டு.

தையல் பிரிக்கும் நாளில் கவனிக்க வேண்டியது: முதலில் பொவிடோன் அயோடின் சொட்டு, மரத்துப்போகும் சொட்டு. 26 கேஜ் ஊசி முனையால் நூலை வெட்டி, முடிச்சு காயத்தின் கோட்டைத் தாண்டி வராதபடி பார்த்து எந்தப் பக்கமாக இழுப்பது என்று முடிவு செய்வார்கள். பிறகு சில நாள் ஆன்டிபயாட்டிக் சொட்டு, ஸ்டீராய்டு சொட்டு கொஞ்சம் கூட்டி. தையல் பிரிக்கும் சமயம் உடல் ஒட்டை நிராகரிக்கத் தூண்டப்படலாம், தொற்றும் நுழையலாம். எனவே எப்போதானாலும் சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், வலி, இந்த நான்கில் ஒன்று வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. தையல் தளர்ந்தோ அறுந்தோ உறுத்தினால் அதே நாள் எடுத்தாக வேண்டும். தளர்ந்த நூலில் சளி சேரும், கிருமி தங்கும், ரத்த நாளம் அதைத் தேடி வரும்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் வெடித்து 7 வயதுப் பையனின் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கண் வெள்ளையாகிவிட்டது. ஹைதராபாத்தில் தையலே இல்லாமல் சரிசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.
— பெற்றோர், விருதுநகர் மாவட்டம்

நீங்கள் கேள்விப்பட்டது ஸ்லெட் (லிம்பஸ் ஸ்டெம் செல்களை எளிய வழியில் மாற்றி வைக்கும்) முறை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வீரேந்தர் சங்வானும் குழுவினரும் 2012-இல் வெளியிட்டது. இன்று வேறு ஊர்களிலும் செய்கிறார்கள்.

சுண்ணாம்பு கருவிழியின் ஓரத்திலுள்ள லிம்பஸ் ஸ்டெம் செல்களை அழித்துவிடுகிறது. அவை இல்லாமல் கருவிழி தன் மேல்தோலைப் புதுப்பிக்க முடியாது, வெள்ளைச் சவ்வு மூடிவிடும். நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து 2 மி.மீ.க்கு 2 மி.மீ. துண்டு ஒன்றை எடுத்து, கெட்ட கண்ணில் படர்ந்ததை உரித்துவிட்டு, அம்னியான் சவ்வை (கருவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) ஃபைப்ரின் பசையால் விரித்து ஒட்டுவார்கள். எடுத்த துண்டை எட்டுப் பத்தாக நறுக்கி, பாப்பாவுக்கு நேர் நடுவை விட்டுச் சுற்றிலும் வட்டமாக வைத்து மீண்டும் ஒரு துளிப் பசை. மேலே, கட்டு போல் மூடிக் காக்கும் கான்டாக்ட் லென்ஸ். அந்தத் துணுக்குகளை நூலில் பிடிக்க முயன்றால் நசுங்கிப்போகும். இங்கே பசைக்கு மாற்றே இல்லை. மற்ற கண் நலமாக இருப்பது கட்டாயம். இரண்டு கண்ணும் எரிந்திருந்தால் இது பொருந்தாது. எரிந்த கண் சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும்போதும் செய்யக்கூடாது. அழற்சி அடங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் இமை விழியோடு ஒட்டிக்கொள்கிறதா, கண் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க, தவறாமல் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். உள்ளாழம்வரை தழும்பிருந்தால் பின்னால் கருவிழி மாற்றும் தேவைப்படலாம். மேற்பரப்பைச் சரிசெய்யாமல் முதலிலேயே கருவிழி மாற்றினால் அந்த ஒட்டும் வெளுத்துவிடும்.

சுண்ணாம்புப் பொட்டலம் உள்ள எந்த வீட்டுக்கும் இது: பட்ட நொடியே, ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடுவதற்கு முன், குடிக்கும் தண்ணீரைக் கண்ணில் ஊற்றுங்கள். குறைந்தது அரை மணி நேரம். பையனைப் படுக்க வைத்து இமையை இருவர் விரித்துப் பிடித்தால்தான் முடியும், அழுவான், விடாதீர்கள். மேல் இமையின் மடிப்பில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கும். தெரிந்தால் ஈரப்பஞ்சால் துடைத்து எடுங்கள். தாய்ப்பால், எண்ணெய், எலுமிச்சை எதுவும் விட வேண்டாம். போகும் வழியிலும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டே போங்கள்.